காஸ்தெல்நொதாரி: நீர்ப்பூட்டின் நேரத்துக்கு நடக்கும் ஊர்

தெற்கு பிரான்சில் டூலூஸுக்கும் கர்கஸோனுக்கும் நடுவே, ஓட் மாவட்டத்தில் இருக்கிறது காஸ்தெல்நொதாரி. சுமார் 12,000 பேர் வாழும் ஊர். பெரும்பாலான பயணிகள் ரயில் ஜன்னல் வழியே இந்த ஊரைப் பார்த்துவிட்டு நேரே கர்கஸோன் கோட்டைக்குப் போய்விடுகிறார்கள். கோட்டையும் அருங்காட்சியகமும் தேடி வருபவருக்கு இங்கே அரை நாளே அதிகம். டூலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை படகுகள் ஓடும் மிதி கால்வாய் (Canal du Midi) எப்படி வேலை செய்கிறது என்று கிட்ட நின்று பார்க்க ஆசைப்படுபவருக்கோ மூன்று நாள்கூடக் குறைச்சல்தான். நீர்ப்பூட்டு என்பது இரு முனையிலும் கதவு வைத்து, தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் அறை. அப்படிப்பட்ட அறைகள் படிக்கட்டுப்போல அடுத்தடுத்து இருந்தால் படிப்பூட்டு. பெஸியேயில் உள்ள ஃபோன்ஸெரான் படிப்பூட்டு இங்கே உள்ளதைவிடப் பெரியது. ஆனால் கோடையில் அங்கே கைப்பிடிச் சுவரில் முழங்கை ஊன்றக்கூட இடம் கிடைக்காது. காஸ்தெல்நொதாரியில் அதே காட்சியைப் புல்தரையில் உட்கார்ந்து, நீர்ப்பூட்டுப் பணியாளரின் கையசைவு தெரியும் தூரத்தில் பார்க்கலாம்.

வந்து சேர்வது சுலபம். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டூலூஸ் மதாபியோவுக்கு அதிவேக ரயிலில் நாலரை மணி நேரம். அங்கிருந்து நாரபோன் பக்கம் போகும் வட்டார ரயிலில் ஏறினால் முக்கால் மணிக்குள் இறங்கிவிடலாம். வட்டார ரயிலில் இருக்கை முன்பதிவு கிடையாது. நிலையம் கால்வாய்க்குத் தெற்கே இருக்கிறது, ஊர் வடக்கே மேட்டில். பெட்டியை உருட்டிக்கொண்டு கால் மணி நேரம் நடந்தால் தண்ணீரோரம் வந்துவிடும். ஊருக்குள் சுற்ற கார் தேவையில்லை. நீர்த்தேக்கங்களைப் பார்க்கப் போகும் ஒரு நாளுக்கு மட்டும் கார் வேண்டும்.

கிரான் பஸேனும் சேன்-ரோக்கும்

ஊரின் தெற்கு ஓரத்தில் கால்வாய் அகன்று ஓர் ஏரியாகவே ஆகிவிடுகிறது. கிரான் பஸேன் என்று பெயர். பரப்பு 7 ஹெக்டேர், ஏறத்தாழ 17 ஏக்கர். இந்தக் கால்வாயில் வெட்டிய நீர்க்குளங்களில் இதுதான் பெரியது. அழகாக இருக்கிறது என்றாலும் அழகுக்காக வெட்டவில்லை. குளத்தின் கிழக்கு முனையில் சேன்-ரோக் நீர்ப்பூட்டு இருக்கிறது. அது ஒவ்வொரு முறை இயங்கும்போதும் மேலேயிருந்து சில நூறு கன மீட்டர் தண்ணீரைக் கீழே அனுப்புகிறது. மேலே ஒடுக்கமான வாய்க்கால் மட்டும் இருந்தால் நாலு தடவை திறந்த பிறகு நீர்மட்டம் இறங்கி, பின்னால் வரும் படகு தரைதட்டும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் இந்தக் குளம். மதகைத் திறந்தால் மடை வற்றாமல் இருக்க மேலே கண்மாய் வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

குளத்தின் நடுவே மரங்கள் அடர்ந்த ஒரு சின்னத் தீவு உண்டு. சீபெல் தீவு. அதுவும் வேலைக்காக வைத்ததுதான். இந்தச் சமவெளியில் மேற்கு, வடமேற்கிலிருந்து ‘செர்ஸ்’ காற்றும், தென்கிழக்கிலிருந்து ‘ஓத்தான்’ காற்றும் மாறி மாறி வீசும். திறந்த நீர்ப்பரப்பில் அலை எழும்பி, கரையில் கட்டிய சரக்குப் படகுகள் ஒன்றோடொன்று மோதும். காற்றை உடைக்க நடுவில் மேடிட்டு மரம் வைத்தார்கள். படம் எடுக்க விரும்புபவர்கள் குளத்தின் தென்கரைக்குப் போக வேண்டும். ஊரும் சேன்-மிஷேல் தேவாலயக் கோபுரமும் வடக்கே மேட்டில் நிற்பதால், தென்கரையில் நின்றால் வெயில் பெரும்பாலும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். காற்றில்லாத அதிகாலையில் கோபுரம் தலைகீழாகத் தண்ணீரில் விழும். பத்து மணிக்கு மேல் காற்று வந்து அதைக் கலைத்துவிடும்.

சேன்-ரோக்தான் இந்த ஊரின் முதன்மைக் காட்சி. நான்கு அறைகள் படிக்கட்டுப்போல ஒன்றன் கீழ் ஒன்று. மொத்த இறக்கம் ஒன்பது மீட்டருக்கும் மேல், அதாவது மூன்று மாடி உயரம். ஓர் அறையின் கீழ்க்கதவுதான் அடுத்த அறையின் மேல்கதவு. அதனால் இடையில் ஒதுங்க இடமில்லை. இறங்கத் தொடங்கிய படகு நாலு அறையையும் கடந்துதான் ஆக வேண்டும். கீழே காத்திருப்பவர்கள் அதுவரை பொறுத்திருக்க வேண்டும். ஒரு முழு இறக்கத்துக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை ஆகும். எதிர்த்திசைப் படகுகளும் சேர்ந்துவிட்டால் ஜூலை, ஆகஸ்டில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் காத்திருக்க நேரும்.

அறைகளின் வடிவத்தைக் கவனியுங்கள். மற்ற கால்வாய்களில் இருப்பதுபோல நீள்சதுரமாக இல்லாமல், நடுவில் உப்பிய முட்டை வடிவத்தில் இருக்கும். நீளம் சுமார் 30 மீட்டர், கதவருகே அகலம் ஆறு மீட்டரை ஒட்டி, நடுவில் சுமார் 11 மீட்டர். கால்வாயைக் கட்டிய பியேர்-போல் ரிக்கே முதலில் நேர்ச்சுவர்தான் எழுப்பினார். ஒரு பூட்டு இடிந்து விழுந்தது. காரணம், அறை காலியாக இருக்கும்போது வெளியே உள்ள ஈரமண் சுவரை உள்நோக்கித் தள்ளுகிறது, எதிர்த்துத் தள்ள உள்ளே தண்ணீர் இல்லை. சுவரை வில்லாக வளைத்துவிட்டால் மண் தள்ளத் தள்ளக் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். பாலத்தின் வளைவைப் படுக்கவைத்தது போன்ற யோசனை. முன்னூறு ஆண்டு தாண்டியும் அந்த வளைவுகள் நிற்கின்றன.

ரிக்கே பெஸியேக்காரர், உப்பு வரி வசூலிக்கும் உரிமை பெற்றவர். பதினான்காம் லூயி 1666இல் அரசாணை கொடுத்தார். கட்டி முடிக்கும் தறுவாயில், 1680 அக்டோபரில் ரிக்கே இறந்துபோனார். கால்வாய் 1681 மே மாதம் திறக்கப்பட்டது. டூலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் தோ கடற்கழி வரை 240 கிலோமீட்டர். 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பார்க்கப் போகும் நேரம் முக்கியம். பருவகாலத்தில் பூட்டுகள் காலை 9 மணிக்குத் திறக்கும். மதியம் 12:30 முதல் 13:30 வரை பணியாளருக்குச் சாப்பாட்டு இடைவேளை. அப்போது எதுவும் அசையாது. மாலை 7 மணியோடு சரி. ஒரு மணிக்குப் போய் நின்றுவிட்டு, ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று திரும்புபவர்கள் ஏராளம். 11 மணிக்குப் போங்கள், அல்லது மூன்று மணிக்கு. மே 1 அன்று பூட்டுகள் இயங்காது. நவம்பர் தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை பராமரிப்புக்காகப் படகுப் போக்குவரத்து நிறுத்தப்படும். அப்போது சில இடங்களில் தண்ணீரை இறக்கி அடித்தளத்தைச் சரிசெய்வார்கள். கதவுகளின் அடிப்பாகத்தைப் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் குளிர்காலத்தில் வரலாம்.

படகு வாடகை

கிரான் பஸேன் கரையிலேயே லெ போட் நிறுவனத்தின் தளம் இருக்கிறது. உள்ளே படுக்கை, சமையலறை, குளியலறை உள்ள படகுகளை வார இறுதிக்கோ வாரக் கணக்கிலோ வாடகைக்குக் கொடுக்கிறார்கள். ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. பிரெஞ்சுச் சட்டப்படி வாடகை நிறுவனமே சிறு பயிற்சி கொடுத்து, அந்தப் பயணத்துக்கு மட்டும் செல்லும் அட்டையைத் தரலாம். வாடகை, படகின் அளவையும் மாதத்தையும் பொறுத்து வாரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் யூரோவில் தொடங்கும். கோடையில் பெரிய படகு மூவாயிரத்தைத் தாண்டும். அதோடு கணக்கு முடியாது. எரிபொருளை எஞ்சின் ஓடிய மணிக்கணக்கில் வசூலிப்பார்கள், சேதத்துக்கு முன்பணமோ காப்புக் கட்டணமோ உண்டு, சைக்கிள் தனி, கடைசி நாள் சுத்தம் செய்வது தனி. விலை பார்க்கும்போது இவை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு குடும்பம் சேர்ந்து எடுத்தால் மட்டுமே ஹோட்டல் செலவுக்குப் பக்கத்தில் வரும்.

எந்தப் படகு? நாலு பேருக்கு ஆறு பேர் படகு எடுக்க வேண்டாம். நீளம் கூடக் கூட இந்த முட்டை வடிவப் பூட்டில் திணறல்தான். காற்று வீசும் குளத்தில் கரையணைவது புதியவருக்கு மிகவும் கடினம், அதனால் முன்மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும் பௌ த்ரஸ்டர் உள்ள படகைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முதல் நாளே பயன் தந்துவிடும்.

படகைக் கையில் தருவது பிற்பகலில். கையெழுத்து, பயிற்சி, சாமான் ஏற்றுவது எல்லாம் முடியும்போது மாலையாகிவிடும். இங்கேதான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள்: ஆர்வத்தில் அப்போதே கிழக்கே திரும்பி, வாழ்க்கையின் முதல் பூட்டாக நாலு அறை சேன்-ரோக்கில் போய் நிற்கிறார்கள், அதுவும் கடைசி நேர வரிசையில். முதல் இரவைக் குளத்திலேயே கழியுங்கள். மாலை முழுக்க சேன்-ரோக் கரையில் நின்று மற்றவர்கள் கயிறு பிடிப்பதைப் பாருங்கள். மறுநாள் காலை 9 மணிக்கு முதல் ஆளாகப் போங்கள்.

பூட்டுக்குள் குறைந்தது மூன்று பேர் வேலை செய்ய வேண்டும்: ஒருவர் சுக்கானில், ஒருவர் முன்கயிற்றில், ஒருவர் பின்கயிற்றில். கயிற்றைக் கரையிலுள்ள இரும்புக் குற்றியில் ஒரு சுற்றுப் போட்டு, மறுமுனையைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். முடிச்சுப் போடவே கூடாது. இறங்கும்போது தண்ணீர் வேகமாகக் குறையும். முடிச்சு இறுகிவிட்டால் படகு கயிற்றில் தொங்கும், சாயும், உள்ளே உள்ள பாத்திரமெல்லாம் சரியும். அப்படி நடந்தால் கத்தியால் கயிற்றை வெட்டுவது தவிர வழியில்லை. இறங்கும்போது இன்னோர் ஆபத்து பின்னால் இருக்கிறது. மேல்கதவின் அடியில் கல்திட்டு ஒன்று நீண்டிருக்கும். அறை நிறைந்திருக்கும்போது அது தெரியாது. பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் படகு முன்னோக்கிக் கவிழும். ஆகவே இறங்கும்போது படகை முன்னே தள்ளி நிறுத்துங்கள்.

ஏறும்போது சிரமம் வேறு மாதிரி. நீங்கள் ஆழத்தில் இருப்பீர்கள், குற்றி தலைக்கு மேலே இருக்கும். கயிறு பிடிக்கும் ஒருவரைப் பூட்டுக்கு முன்னாலுள்ள கரையிலேயே இறக்கிவிட வேண்டும். அவர் நடந்து மேலே போய் நின்று, நீங்கள் எறியும் கயிற்றைப் பிடிப்பார். தண்ணீர் மேலிருந்து பாயும்போது முன்மூக்கு பக்கவாட்டில் அடித்துப் போகும், எனவே முன்கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வளைந்த சுவர் என்பதால் படகின் முழுப் பக்கமும் சுவரில் ஒட்டாது, ஓரிரு இடத்தில் மட்டும் தொடும். பக்கத்தில் தொங்கும் ரப்பர் உருளைகளை அந்த இடத்துக்கு நகர்த்திவைக்கவும். தோட்டவேலைக் கையுறை இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். நனைந்த கயிறு உள்ளங்கையை உரித்துவிடும். குழந்தைகளுக்குப் பூட்டுக்குள் மிதவைச் சட்டை கட்டாயம்.

எந்தப் பக்கம் போவது? மூன்று நாள்தான் என்றால் மேற்கே போங்கள். லா பிளாங்க், தொமேர்க், மூன்று அறை லொரான், இரண்டு அறை ரோக், மெதித்தெரானே என்று எட்டு அறை ஏறினால் கால்வாயின் உச்சி வந்துவிடும். பக்கத்திலேயே லெ செகாலா என்ற சின்ன ஊர். அங்கே இரவு தங்கி, மறுநாள் நாரூஸ் வரை போய்த் திரும்பலாம். ஏறிப் போவதால் முதல் நாள் கொஞ்சம் வியர்க்கும், திரும்பும் நாள் வெறும் இறக்கம். ஒரு வாரம் இருந்தால் கிழக்கே கர்கஸோன் போகலாம். 40 கிலோமீட்டர்தான். ரயிலில் அரை மணிக்குள் போகும் தூரம். ஆனால் கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர், வழியில் இருபதுக்கும் மேற்பட்ட பூட்டு அறைகள். நிதானமாகப் போனால் இரண்டு நாள், வழியில் பிராம் ஊரில் நின்றால் மூன்று. பிராமில் வீடுகள் தேவாலயத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கட்டப்பட்டவை. ஒரு மணி நேரம் நடந்து பார்க்கத் தகுந்த இடம். கர்கஸோன் போயே தீர வேண்டும் என்று ஓடிக்கொண்டே இருந்தால் கால்வாய்ப் பயணத்தின் சுகம் போய்விடும்.

வறண்ட கோடையில் தண்ணீரைச் சேமிக்கப் படகுகளைச் சேர்த்து ஒரே தடவையில் விடுவார்கள். இரண்டு படகு வரும்வரை உங்களைக் காக்கவைத்தால் பணியாளரைக் குறைசொல்ல வேண்டாம். கால்வாயில் குளிக்கத் தடை இருக்கிறது. பல படகுகளின் கழிவும் அதே தண்ணீரில்தான் கலக்கிறது என்பதால் தடை இல்லாவிட்டாலும் இறங்கக் கூடாது.

பிளாத்தான் மரங்கள்

பழைய படங்களில் இந்தக் கால்வாய் இருபுறமும் பிளாத்தான் மரங்கள் கூரைபோட்ட பச்சைச் சுரங்கமாக இருக்கும். அதே படத்தை மனதில் வைத்து வந்தால் ஏமாற்றம்தான். சுமார் 42,000 பிளாத்தான் மரங்கள் கரையில் நின்றன. 2006இல் இதே ஓட் மாவட்டத்தில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்து, சில ஆண்டுகளில் காயவைத்துவிடும் நோய். மருந்து கிடையாது, வெட்டி எரிப்பதுதான் வழி. பல்லாயிரக்கணக்கான மரங்கள் போய்விட்டன. வேறு வகை மரங்களை, முக்கியமாக ஓக் இனங்களை, நட்டுக்கொண்டு வருகிறார்கள். அவை நிழல் தர இன்னும் காலம் ஆகும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வெடிமருந்துப் பெட்டிகளின் மரத்தோடு இந்தப் பூஞ்சை பிரான்சுக்குள் வந்தது என்கிறார்கள்.

படகுக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்றே: எந்த மரத்திலும் கயிறு கட்டாதீர்கள். கயிறு பட்டையை உரிக்கும் இடத்திலும், படகு வேர்களில் உரசும் இடத்திலும்தான் பூஞ்சை நுழைகிறது. படகில் இரண்டு இரும்பு முளையும் சம்மட்டியும் இருக்கும். கரையில் அடித்துக் கட்டுங்கள். புறப்படும்போது முளையைப் பிடுங்க மறந்துவிடாதீர்கள்.

நிழல் போனதால் சைக்கிள் பயணத்தின் கணக்கும் மாறிவிட்டது. டூலூஸ் பக்கத்து மாவட்டத்துக்குள், கால்வாய்க் கரையோரமாகச் செல்லும் இழுவைப் பாதை வழுவழுப்பான தார்ப்பாதை. ஓட் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் கப்பி, மண், வேர்முண்டு என்று மாறி மாறி வரும். மெல்லிய ரேஸ் டயரோடு வரக் கூடாது. 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் வேண்டும். ஜூலையில் 35 டிகிரி சர்வசாதாரணம். பூட்டுகளுக்கு நடுவே குடிநீர் கிடைக்கும் என்று நம்பாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். ஓத்தான் காற்று வீசும் நாளில் கிழக்கே போவது மிகக் கடினம். காற்று எந்தப் பக்கம் என்று காலையில் பார்த்துவிட்டு, போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

சைக்கிளில் போக வேண்டிய ஒரே இடம் நாரூஸ், மேற்கே சுமார் 12 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர். இங்கே வந்து சேரும் தண்ணீர் ஒரு பக்கம் அட்லாண்டிக்குக்கும் மறுபக்கம் மத்தியதரைக் கடலுக்கும் பிரிகிறது. ரிக்கேயின் உண்மையான வெற்றி இந்த இடம்தான். கால்வாய் வெட்டுவது பெரிதல்ல. உச்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லாமல் இருந்தது. வடக்கே கருமலைத் தொடரின் ஓடைகளைப் பிடித்து, வாய்க்கால் வெட்டி, பல மைல் சுற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்தார். வறட்சிக்காக 1667 முதல் 1672 வரை சேன்-ஃபெரெயோல் அணையைக் கட்டினார். இன்றும் அது சுமார் 63 லட்சம் கன மீட்டர் தண்ணீர் கொள்கிறது. காரில் வருபவர்கள் அந்த அணைக்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். நாரூஸில் ரிக்கேயின் வழித்தோன்றல்கள் 1827இல் எழுப்பிய கல்தூண் ஒன்று நிற்கிறது. பெரிய கட்டடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். மரநிழலில் சலசலவென்று ஒரு வாய்க்கால் வந்து கால்வாயில் சேரும், அவ்வளவுதான். அந்த வாய்க்கால் இல்லாவிட்டால் 240 கிலோமீட்டரும் வெறும் பள்ளம்.

சாப்பாடு

காஸ்தெல்நொதாரி என்றால் பிரெஞ்சுக்காரர்களுக்கு முதலில் நினைவு வருவது கஸ்ஸுலே. வெள்ளை பீன்ஸை வாத்து அல்லது அன்னக்கறி, பன்றி இறைச்சி, டூலூஸ் சாசேஜ், பன்றித் தோல் எல்லாவற்றோடும் மண்சட்டியில் மணிக்கணக்காக அடுப்பில் வைத்து எடுப்பது. டூலூஸும் கர்கஸோனும் தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருக்கின்றன. இந்த ஊர் முறையில் தக்காளியோ ரொட்டித்தூளோ கிடையாது. மேலே வரும் பழுப்பு ஏடு பீன்ஸின் மாவும் கொழுப்பும் சேர்ந்து தானாக உண்டாக வேண்டும். 150, 160 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வேகும்போது ஏடு கட்டக் கட்ட அதைக் கரண்டியால் உள்ளே அழுத்திவிடுவார்கள். ஏழு தடவை என்பது ஊர் வழக்கு. நல்ல கஸ்ஸுலேக்கு அடையாளம்: ஏடு மெல்லியது, பீன்ஸ் முழுசாக இருக்கிறது, ஆனால் நாக்கில் வைத்ததும் மசிகிறது. ரொட்டித்தூள் தூவி மொறுமொறுப்பாக்கிய சட்டி வந்தால் அது அவசரச் சமையல்.

மதியம் சாப்பிடுங்கள், இரவில் வேண்டாம். அவ்வளவு கனம். ஒருவருக்கான சட்டியே பசியுள்ள இருவருக்குப் போதும். முதலில் வேறு எதையும் வாங்காதீர்கள். சமையலறைகள் இரண்டு மணிக்குள் மூடிவிடும். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் இருக்காது. ஆகஸ்ட் கடைசி வார இறுதியில் கஸ்ஸுலே திருவிழா. அப்போது ஊர் நிரம்பி வழியும், அறை கிடைக்காது. அமைதி தேடி வருபவர்கள் அந்த நாட்களை விட்டுவிட வேண்டும்.

சைவர்களுக்கும், பன்றி உண்ணாதவர்களுக்கும் தெளிவாகச் சொல்ல வேண்டியது: பாரம்பரியக் கடைகளில் இறைச்சியில்லாத கஸ்ஸுலே கிடையாது. ‘வெறும் பீன்ஸ் கொடுங்கள்’ என்றாலும் அது பன்றித் தோல் போட்ட சாற்றில் வெந்ததுதான். மற்ற கடைகளில் பீட்சா, ஆம்லெட், சூடான ஆட்டுப்பால் சீஸ் சாலட் கிடைக்கும். மூன்று நாளுக்கு அது அலுத்துவிடும். சமையலறை உள்ள அறையோ படகோ எடுத்து, திங்கட்கிழமை காலைச் சந்தையில் காய்கறி வாங்குவதுதான் நல்ல வழி. மிளகாய்த்தூள், சீரகம், பருப்பு முதலியவற்றைப் பாரிஸிலிருந்து வருபவர்கள் அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷபேல் பகுதியிலேயே வாங்கிவந்துவிடுங்கள். இந்த ஊர்க் கடைகளை நம்பி வர வேண்டாம். படகில் குக்கர் இருக்காது.

சந்தையில் இங்கே விளைந்த காய்ந்த பீன்ஸை அவசியம் வாங்குங்கள். காஸ்தெல்நொதாரி பீன்ஸுக்கு 2020இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. நீண்ட, தட்டையான, தோல் மெல்லிய ரகம். பையில் விளைந்த ஆண்டைப் பாருங்கள். ஓராண்டு தாண்டியது வேக மறுக்கும். 12 மணி நேரம் ஊறவைத்து, புதுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மறுபடி மிதமான தீயில் ஒரு மணி நேரம் வையுங்கள். குழாய்த் தண்ணீர் கடின நீராக இருந்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து தோலை இறுக்கும், வேகும் நேரம் கூடும். அப்போது புட்டித் தண்ணீர் உதவும். பூண்டு, காய்ந்த மிளகாய், கருவேப்பிலை தாளித்துக் கொட்டினால் மொச்சைக் குழம்பு தோற்றுப்போகும்.

கஸ்ஸுலே என்ற பெயரே அது வேகும் கஸ்ஸோல் சட்டியிலிருந்து வந்தது. வாய் அகன்று அடி குறுகிய மண்சட்டி. வாய் அகலமாக இருந்தால்தான் ஏடு நிறைய வரும். பக்கத்து ஊரான மா-சேன்-புவெல்லில் கால்வாயோரமாகவே உள்ள ஒரு குயவர் பட்டறையில் இன்றும் கையால் வனைகிறார்கள். சைக்கிள் பாதையிலேயே இருப்பதால் நாரூஸ் போகும் வழியில் நிற்கலாம். உள்ளே மட்டும் மெருகு பூசியிருக்கும், வெளியே வெறும் மண். முதல் முறை பயன்படுத்தும் முன் இரவு முழுதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். நேரடித் தீயிலும் மின்காந்த அடுப்பிலும் வைக்கக் கூடாது, ஓவனுக்குள் மட்டும். அதுவும் குளிர்ந்த ஓவனில் வைத்துச் சேர்ந்து சூடாக்க வேண்டும். விமானத்தில் கொண்டுபோவதானால் கைப்பையில்தான்.

எப்போது, எங்கே தங்குவது

மே இரண்டாம் பாதியும் செப்டம்பரும்தான் சரியான காலம். பூட்டுகள் முழு நேரம் இயங்கும், வரிசை சின்னது, வெயில் தாங்கும். ஏப்ரலில் காற்று அதிகம். தங்குவதற்குக் குளத்தைப் பார்த்த அறையே வேண்டும் என்று கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஊரின் எந்த மூலையிலிருந்தும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தண்ணீருக்கு வந்துவிடலாம். பழைய வீடுகளில் ஏ.சி. அரிது. ஜூலையில் வருபவர்கள் கேட்டுப் பதிவு செய்யவும். மேட்டில் உள்ள குகரெல் காற்றாலை வரை மாலையில் நடந்து போனால் சமவெளி முழுவதும் தெரியும். அதற்கு முக்கால் மணி நேரம் போதும். தெருவில் வெள்ளைத் தொப்பிப் படைவீரர்களைப் பார்த்தால் வியக்க வேண்டாம்: பிரெஞ்சு வெளிநாட்டுப் படையணியில் சேரும் புதியவர்களுக்கு இந்த ஊரில்தான் பயிற்சி.

படகைத் திருப்பித் தருவது பெரும்பாலும் காலை 9 மணிக்கு. அதே 9 மணிக்குத்தான் பூட்டும் திறக்கும். ஆகவே முந்தின நாள் மாலை 7 மணிக்குள் நீங்கள் சேன்-ரோக்கின் மேல்பக்கம் வந்திருக்க வேண்டும். கிழக்கிலிருந்து திரும்புபவர்கள் வரிசையையும் ஏறும் நேரத்தையும் கணக்கிட்டு, ஐந்து மணிக்கே கீழ்க்கதவின் முன்னால் நின்றுவிடுங்கள். ஆறரைக்கு வந்து நிற்கும் படகைப் பணியாளர் உள்ளே விடமாட்டார். அந்த இரவு கீழேயே கட்டிக் கிடந்து, மறுநாள் தாமதக் கட்டணம் கட்ட வேண்டிவரும்.